மேனேஜரை மாற்றினால் அணி ஜெயிக்குமா?

சனிக்கிழமை ராத்திரி இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் ஆட்டம் முடிந்ததும் கீழக்கரையிலும் தங்கச்சிமடத்திலும் டீக்கடை பெஞ்சுகளில் ஒரே பேச்சுதான். "அஞ்சு மேட்ச்சா தோக்குறான் மச்சான், இன்னும் அந்த மேனேஜரை வெச்சுக்கிட்டு என்ன பண்றானுங்க?" அடுத்த வாரம் அந்த மேனேஜர் வேலை போய்விடும். புதியவர் வருவார், முதல் ஆட்டமே வெற்றி. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!"

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. நீக்கிய பிறகு ஜெயித்தது உண்மை. நீக்கியதால்தான் ஜெயித்தார்களா என்பது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது ரசிகர்கள் மட்டுமல்ல, கோடிகளைக் கொட்டும் கிளப் முதலாளிகளும்தான். தடுமாறும் அணிக்குப் புது மேனேஜர் தேவையா, தேவையென்றால் எப்படிப்பட்டவர், அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடியிலிருந்து பார்ப்போம். ஆஃப்சைடு விதி தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

## மேனேஜர் கையில் என்ன இருக்கிறது?

யார் ஆடுவது, எந்த அமைப்பில் ஆடுவது, வாரம் முழுக்க என்ன பயிற்சி, ஆட்டத்தின் நடுவில் யாரை எடுத்து யாரை இறக்குவது என்று முடிவு செய்பவர் மேனேஜர். பழைய இங்கிலாந்து வழக்கத்தில் வீரர்களை வாங்குவதும் விற்பதும்கூட அவர் பொறுப்பு. இன்று பெரும்பாலான கிளப்புகளில் அந்த வேலை ஸ்போர்ட்டிங் டைரக்டரிடம் போய்விட்டது. அதாவது, எந்த வீரரை வாங்குவது, எந்த மேனேஜரை அமர்த்துவது என்று பல ஆண்டுக் கணக்கில் திட்டமிடும் நிர்வாகி. அப்படிப்பட்ட கிளப்பில் மேனேஜருக்குப் பெயரே ஹெட் கோச். நாம் இருவரையும் மேனேஜர் என்றே சொல்வோம்.

அவர் கையில் இல்லாதது எது? பணம். ஆங்கிலக் கிளப்புகளின் வரவுசெலவுக் கணக்குகளைத் துருவிய பொருளாதாரப் பேராசிரியர் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி கண்டது இது: பத்தாண்டு சராசரியை எடுத்துக்கொண்டால், கிளப்புகள் பிடிக்கும் இடங்களில் தெரியும் ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு வீரர்களின் சம்பளச் செலவே போதுமான விளக்கம். ஒரே ஒரு சீசனை எடுத்தால் இந்தப் பிடி இவ்வளவு இறுக்கமாக இருக்காது. அதனால்தான் 2015-16இல் கிளாடியோ ரனியேரியின் லெஸ்டர் சிட்டி, பந்தயக் கடைகள் 5000-க்கு 1 என்று வைத்திருந்த பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கியது. ஆனால் லெஸ்டர்கள் அரிது. அரிது என்பதால்தான் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சுருக்கமாக: அணி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பணம் தீர்மானிக்கிறது. அந்த உயரத்துக்குச் சற்று மேலோ கீழோ போவதுதான் மேனேஜரின் எல்லை. கடைசி இடத்துக்கும் கடைசிக்கு நாலாவது இடத்துக்கும் நடுவே கிளப்பின் பிழைப்பே தொங்கும்போது அந்தச் சின்ன எல்லையும் பெரிய விஷயம்தான்.

## நாலு தடவை வெறும் மடி

ராமேஸ்வரத்தில் ஒரு விசைப்படகு. தொடர்ந்து நாலு தடவை கடலுக்குப் போய், நாலு தடவையும் டீசல் காசுகூடத் தேறவில்லை. உரிமையாளர் டிரைவரை மாற்றுகிறார். ஐந்தாவது தடவை வலையின் மடி நிறைய இறால். புது டிரைவர் கைராசிக்காரர் என்று ஜெட்டி முழுக்கப் பேச்சு. நடுவில் காற்று மாறியிருக்கிறது, நீவாடு என்கிற கடல் நீரோட்டம் திரும்பியிருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதில் முக்கியமான சூட்சுமம் ஒன்று உண்டு. நல்ல மீன்பாடு கிடைத்துக்கொண்டிருக்கும்போது யாரும் டிரைவரை மாற்றுவதில்லை. மாற்றம் எப்போதும் மிக மோசமான கட்டத்தில்தான் நடக்கிறது. மிக மோசமான கட்டத்துக்கு அடுத்து வருவது, யார் ஓட்டினாலும், பெரும்பாலும் அதைவிட மேலானதாகத்தான் இருக்கும். திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்த எந்த வேலையிலும் படுமோசமான வரிசைக்குப் பிறகு வழக்கமான அளவுக்குத் தானாகவே வந்து சேர்வதைப் புள்ளியியலில் ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்கிறார்கள்.

அப்படியென்றால் புது டிரைவர் உண்மையிலேயே கெட்டிக்காரரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே வாரங்களில் அதே அளவு அடிபட்டும் டிரைவரை மாற்றாத படகுகளைப் பார்க்க வேண்டும். அவையும் இதே அளவு மீண்டிருந்தால் கைராசிப் பேச்சுக்கு இடமில்லை.

கால்பந்தில் இந்தச் சோதனையைச் செய்திருக்கிறார்கள். நெதர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர் பாஸ் தெர் வேல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு முதல் பிரிவு ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். சரிந்தபோது மேனேஜரை நீக்கிய கிளப்புகள் ஒரு பக்கம், அதே போலச் சரிந்தும் நீக்காத கிளப்புகள் மறுபக்கம். நீக்கியவர்கள் மீண்டார்கள், உண்மைதான். நீக்காதவர்களும் ஏறத்தாழ அதே அளவு மீண்டார்கள். ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் பல பத்தாண்டு ஆட்டங்களை வைத்து 2011இல் வெளிவந்த ஆய்வும் இதையே சொன்னது: சீசன் நடுவே மேனேஜரை மாற்றுவதால் அணியின் தரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய மாற்றம் இல்லை.

இது சராசரிக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. சில மாற்றங்கள் நன்றாகவே பலிக்கின்றன, சில அணியை இன்னும் கீழே தள்ளுகின்றன, இரண்டும் சேர்ந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. பலிக்கும் பக்கத்தில் விழுவதற்குத்தான் தேர்வு முறை வேண்டியிருக்கிறது.

புதியவர் வந்ததும் கிளம்பும் உற்சாகம் பொய்யில்லை. பெஞ்சில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் இடம் பிடிக்க உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். 2017 பிப்ரவரி 23இல் அதே ரனியேரியை லெஸ்டர் நீக்கியது. உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் ஜெயித்தார், அணி 12ஆம் இடத்தில் முடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கும் சீட்டு கிழிந்தது.

சுருக்கமாக: முதல் மூன்று நாலு ஆட்டங்களின் முடிவை வைத்துப் புது மேனேஜரைக் கொண்டாடவும் கூடாது, திட்டவும் கூடாது.

## தோல்வி எங்கிருந்து வருகிறது?

ஆளைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலான கிளப்புகள் தாண்டிக் குதித்து ஓடுவதும் இதைத்தான்.

புள்ளிப் பட்டியல் மட்டும் போதாது, ஏனென்றால் கால்பந்தில் கோல் குறைவு. ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனால் வெற்றிக்கான மூன்று புள்ளி டிராவுக்கான ஒன்றாகிவிடும். இந்த இரைச்சலை வடிகட்டப் பயன்படும் எண் எக்ஸ்ஜி (xG), அதாவது எதிர்பார்க்கத்தக்க கோல். ஓர் அணி அடிக்கும் ஒவ்வொரு ஷாட்டுக்கும், அதே இடத்திலிருந்து அதே மாதிரி அடிக்கப்பட்ட பழைய ஷாட்டுகளில் எத்தனை கோலானது என்று பார்த்து 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு மதிப்பு தருகிறார்கள். பெனால்டிக்கு 0.76 முதல் 0.79 வரை. முப்பது மீட்டரிலிருந்து அடித்தால் 0.03 அளவில்தான் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால், வாய்ப்புகளின் தரப்படி அந்த அணிக்கு எத்தனை கோல் கிடைத்திருக்க வேண்டும் என்று தெரியும். எதிரணிக்கும் இதே கணக்கு. ஒரு ஆட்டத்தின் எக்ஸ்ஜியை வைத்துச் சண்டை போடுவது வீண். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் சேர்ந்தால்தான் அது வாய் திறக்கும்.

2014-15 சீசனின் பாதியில் யூர்கன் க்ளாப்பின் ஜெர்மன் கிளப் போருசியா டார்ட்மண்ட் 18 அணிகளில் 17ஆவது. ஷாட் கணக்கைப் பார்த்தவர்களுக்கு வேறு படம் தெரிந்தது: நல்ல வாய்ப்புகளை உருவாக்குகிறார்கள், எதிரணிக்குக் குறைவாகவே கொடுக்கிறார்கள், பந்துதான் உள்ளே போக மறுக்கிறது. கிளப் அவரை நீக்கவில்லை. அணி 7ஆம் இடத்தில் முடித்தது, சீசன் முடிவில் க்ளாப் தாமாகவே விலகினார். அந்தச் சரிவு பெரும்பாலும் துரதிர்ஷ்டம்தான் என்று இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் அப்போது தரவு ஆய்வாளராக இருந்த இயன் கிரஹாம் கணக்குப் போட்டு வைத்திருந்தார். 2015 அக்டோபரில் க்ளாப் லிவர்பூலுக்கு வந்தார். 2019இல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கோப்பை, 2020இல் பிரீமியர் லீக் கோப்பை.

எக்ஸ்ஜி நன்றாக இருந்து புள்ளி மட்டும் குறைவென்றால் மேனேஜரைத் தொடாமல் இருப்பதே உத்தமம். எக்ஸ்ஜியும் மோசம் என்றால் மூன்று இடங்களில் தேட வேண்டும்: வீரர்களின் தரமே போதவில்லையா, தரம் இருந்தும் ஆட்டமுறை அவர்களுக்குப் பொருந்தவில்லையா, இல்லை மேனேஜர் சொல்லை வீரர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்களா. மூன்றாவதில் மேனேஜர் போவதைத் தவிர வழியில்லை. முதலாவதில் யார் வந்தாலும் கதை மாறாது. 2021-22இல் நியூகாசில் முதல் 14 லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. நடுவில், நவம்பரில் எடி ஹவ் வந்தார், 11ஆம் இடத்தில் முடித்தார்கள். ஹவ் நல்ல மேனேஜர்தான். கூடவே புதிய உரிமையாளர்கள் பணத்தைக் கொட்டி ஜனவரியில் கீரன் டிரிப்பியர், புருனோ கிமராஸ், டான் பர்ன் என்று வரிசையாக ஆட்களை இறக்கினார்கள். அந்தப் பணம் இல்லாத கிளப் ஹவ்வை மட்டும் அமர்த்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

## கிறிஸ்டல் பேலஸ், 2017

இரண்டாவது வகைக்கு, அதாவது பொருத்தக் கோளாறுக்கு, இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 2017 ஜூனில் கிறிஸ்டல் பேலஸ், ஃபிராங்க் டி போரை அமர்த்தியது. நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் மேனேஜராகத் தொடர்ந்து நாலு முறை டச்சு லீக்கை வென்றவர். பேலஸ் வீரர்களோ பல ஆண்டுகளாக நாலு டிஃபெண்டர்களை, அதாவது தடுப்பாட்டக்காரர்களை வைத்து, பின்னால் நெருக்கி நின்று, பந்து கிடைத்ததும் வேகமாகப் பாயப் பழகியவர்கள். டி போர் மூன்று சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கும் டிஃபெண்டர்களை வைத்து, பின்னாலிருந்தே பந்தைப் பாஸ் செய்து கட்டி எழுப்பச் சொன்னார். முதல் நாலு லீக் ஆட்டங்களிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, வாங்கியது ஏழு. செப்டம்பர் 11இல் அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர் ராய் ஹாட்ஜ்சன், 70 வயது. பழைய நாலு டிஃபெண்டர் அமைப்புக்கே திரும்பினார். அவரும் முதல் மூன்று லீக் ஆட்டங்களிலும் தோற்றார், அதுவும் கோலே இல்லாமல். லீக்கில் ஏழு ஆட்டம், ஏழு தோல்வி, பூஜ்யம் கோல். எட்டாவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் செல்சியை 2-1 என்று வீழ்த்தினார்கள். சீசன் முடிவில் 11ஆம் இடம்.

பொதுவாக இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டு ‘அனுபவம் ஜெயித்தது’ என்பார்கள். இன்னும் இரண்டு விஷயம் உண்டு. டி போரின் கடைசி ஆட்டம் பர்ன்லியுடன். மூன்றாவது நிமிடத்தில் தங்கள் வீரரே பின்னால் தவறாகக் கொடுத்த பந்தில் கோல் வாங்கினார்கள், அதன் பிறகு பர்ன்லியைவிடப் பல மடங்கு ஷாட் அடித்தும் உள்ளே போகவில்லை. இரண்டாவது, அணியின் உயிர்நாடியான வில்ஃபிரட் ஸாஹா முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு, செல்சி ஆட்டத்தில்தான் திரும்பினார். அன்றைய வெற்றிக் கோலும் அவர் அடித்ததுதான்.

ஆக, ஹாட்ஜ்சனின் எளிய அமைப்பு ஒரு பங்கு, ஸாஹாவின் கால் ஒரு பங்கு, டி போருக்கு வாய்க்காத அதிர்ஷ்டம் ஒரு பங்கு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கையில் இருக்கும் வீரர்களுக்கு ஒவ்வாத ஆட்டமுறைக்காரரைச் சீசன் தொடங்க ஏழு வாரமே இருக்கும்போது அமர்த்தியது தேர்வுக் குழுவின் தப்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

## பேர் தேடும் முன் ஒரு தாள்

நல்ல கிளப் முதலில் ஆளைப் பற்றி யோசிக்காது, வேலையை எழுதிவைக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் நம்மிடம் இரண்டு பேராவது இருக்கிறார்களா? மூன்று சென்டர் பேக் அமைப்பென்றால் அந்த இடத்துக்கே நாலைந்து பேரும், பக்கவாட்டில் முழு மைதானமும் ஏறி இறங்கும் நுரையீரல் உள்ள இருவரும் வேண்டும். இருக்கிறார்களா? வீரர்களை வாங்கும் ஜனவரி காலம் இன்னும் எத்தனை வாரத்தில்? அதுவரை இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

அடுத்து, புள்ளிக் கணக்கு. பிரீமியர் லீக்கில் 20 அணிகள், 38 ஆட்டங்கள், கடைசி மூன்று அணிகள் அடுத்த சீசன் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். இதுதான் ரெலிகேஷன். 40 புள்ளி எடுத்தால் தப்பிக்கலாம் என்பது வாய்வழி வந்த நம்பிக்கை. 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது, 2022-23இல் எவர்டன் 36 எடுத்துத் தப்பியது. 36 என்றே வைத்துக்கொள்வோம். 14 ஆட்டத்தில் 10 புள்ளி எடுத்த அணிக்கு மீதி 24 ஆட்டத்தில் 26 வேண்டும். ஏழு வெற்றி, ஐந்து டிரா போதும், பன்னிரண்டு ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை. அப்படியானால் தேடுவது எல்லாரையும் அசத்தும் மேனேஜரை அல்ல, 0-1 என்று தோற்கும் ஆட்டங்களில் ஐந்தை 0-0 ஆக்கத் தெரிந்தவரை.

பிறகு நேரம். சனிக்கு சனி ஆடும் வாரத்தில் ஆட்டத்துக்கு மறுநாள் ஓய்வுப் பயிற்சி, ஒரு நாள் விடுமுறை, ஆட்டத்துக்கு முந்தின நாள் லேசான ஓட்டம். உருப்படியாகக் கற்றுக்கொடுக்க மிஞ்சுவது மூன்று நாள்தான், நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மிகாது. நடுவில் புதன்கிழமை ஆட்டம் வந்தால் அதுவும் போச்சு. முதல் மாதத்தில் பன்னிரண்டு பயிற்சி கிடைத்தால் பெரிய விஷயம். அதில் கார்னர், ஃப்ரீ கிக் தடுப்பைச் சரிசெய்யலாம், ஏறத்தாழ நாலில் ஒரு கோல் அப்படிப்பட்ட நின்ற பந்துகளிலிருந்துதான் வருகிறது. டிஃபெண்டர்களுக்கும் மிட்ஃபீல்டர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைக்கப் பழக்கலாம். புதிய பாஸிங் பாணியை ஊட்ட முடியாது. 2023 மே மாதம் வெறும் நாலு ஆட்டம் மிச்சமிருக்கும்போது லீட்ஸ் யுனைடெட், அணிகளைக் காப்பாற்றுவதில் பேர்போன சாம் அலர்டைஸை அழைத்தது. நாலு ஆட்டத்தில் ஒரு புள்ளி. இறங்கிவிட்டார்கள்.

இந்தத் தாளை நாற்காலி காலியாவதற்கு முன்பே எழுதி வைத்திருப்பதில் பிரைட்டன் கெட்டிக்காரக் கிளப். 2022 செப்டம்பரில் கிரஹாம் பாட்டரை செல்சி தூக்கிக்கொண்டு போனபோது, பத்தே நாளில் ராபர்டோ டி செர்பியை அமர்த்தினார்கள். பந்தைத் தரையில் வைத்து ஆடும் பாணி இருவருக்கும் பொது என்பதால் வீரர்கள் புதிதாக எதையும் மறக்க வேண்டியிருக்கவில்லை. பிரைட்டன் 6ஆம் இடம். பாட்டரை அழைத்துப்போன செல்சி ஏப்ரலில் அவரையே நீக்கி 12ஆம் இடத்தில் முடித்தது. அதே சீசனில் சவுத்தாம்ப்டன், கீழ்ப்பிரிவிலிருந்த லூட்டனிலிருந்து நேதன் ஜோன்ஸை அழைத்து எட்டு லீக் ஆட்டங்களில் ஏழைத் தோற்று, அவரையும் அனுப்பிவிட்டுக் கடைசி இடத்தில் இறங்கியது.

சுருக்கமாக: யார் நல்ல மேனேஜர் என்று கேட்டால் பதில் கிடைக்காது. இந்த வீரர்களுக்கு, இத்தனை வாரத்தில், இத்தனை புள்ளி எடுக்க யார் என்று கேட்டால் கிடைக்கும்.

## நேர்காணலில் கேட்க வேண்டியவை

இரண்டு கட்டமாகச் சலிப்பார்கள். முதலில் தரவு: அவர் முன்பு இருந்த கிளப்புகள் சம்பளச் செலவுக்கு ஏற்ற இடத்தைவிட மேலே முடித்தனவா, அவர் பொறுப்பேற்ற பிறகு எக்ஸ்ஜி எந்தப் பக்கம் நகர்ந்தது, இளம் வீரர்களுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார். கோப்பை எண்ணிக்கை இதில் கடைசி. பணக்கார அணியில் வாங்கிய கோப்பை, ஏழை அணியில் உதவும் என்பதற்கு உத்தரவாதமில்லை, டி போரைப் பார்த்தோமே.

எட்டுப் பத்துப் பேர் மூன்று நாலு பேராகச் சுருங்கியதும் நேரில் பேச வேண்டும். "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்பது நேர விரயம். எல்லாரும் அழகாகப் பேசுவார்கள். அதற்குப் பதில் நம் அணியின் கடைசி மூன்று ஆட்டங்களின் வீடியோவை நாலு நாள் முன்பே அனுப்பிவிட்டு, "வருகிற சனிக்கிழமை ஆட இப்போது உடல்தகுதியோடு இருப்பவர்களில் பதினோரு பேரை எழுதுங்கள்" என்று ஒரு பேனாவைக் கொடுக்கலாம். யாரை ஏன் எடுத்தார், எந்த வாலிபனின் பேரே அவருக்குத் தெரியவில்லை, எல்லாம் அந்தத் தாளில் வந்துவிடும். "முதல் இரண்டு பயிற்சியில் என்ன செய்வீர்கள்?", "இப்போது இருப்பதில் எதை மாற்ற மாட்டீர்கள்?" இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். எல்லாவற்றையும் மாற்றுவேன் என்பவர் வீடியோவைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். "முதலில் அஞ்சு பேரை வாங்கிக் கொடுங்கள்" என்று ஆரம்பிப்பவரிடம் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

விசாரணையை முன்னாள் முதலாளிகளோடு நிறுத்தக் கூடாது. பழைய கிளப்பின் பிசியோ, ஜெர்சி மூட்டை தூக்குபவர், அவர் அணியில் இடம் கொடுக்காத வீரர் ஆகியோரிடம் விசாரித்தால்தான் ஆள் தோற்கும்போது எப்படி நடந்துகொள்வார் என்று தெரியும். தடுமாறும் அணிக்கு வருபவர் நிறையத் தோற்கத்தான் போகிறார்.

தகுதிச் சான்றையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். ஐரோப்பாவில் யூஈஎஃப்ஏ புரோ லைசென்ஸ், ஆசியாவில் ஏஎஃப்சி புரோ டிப்ளமோ.

## ஒப்பந்தமும் இடைக்கால ஏற்பாடும்

ஒப்பந்தம் நீளமாக இருந்தால் கவர்ச்சி, நடுவில் நீக்கினால் மிச்சக் காலச் சம்பளத்தைக் கணக்குத் தீர்க்க வேண்டும். அவரோடு வரும் மூன்று நாலு உதவியாளர்களுக்கும் அப்படியே. அதனால் அணி இறங்கினால் சம்பளம் இவ்வளவு குறையும், நீக்கினால் இழப்பீடு இதற்கு மேல் இல்லை என்று முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது. 2019-20இல் வாட்ஃபோர்ட் ஒரே சீசனில் மூன்று மேனேஜர்களை நீக்கியது, மூன்றாமவரைக் கடைசி இரண்டு ஆட்டம் இருக்கும்போது. அப்படியும் இறங்கிவிட்டார்கள்.

அவசரத்தில் தப்பானவரைப் பிடிப்பதைவிட, உள்ளேயே இருக்கும் ஒருவரைச் சில வாரம் பொறுப்பில் வைப்பது மேல். இவர் இடைக்கால மேனேஜர். ஆபத்து அவர் ஜெயித்தால்தான் தொடங்கும். 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இடைக்காலமாக வந்த ஓலே குன்னார் சோல்ஷயர் முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்தார். மார்ச் 28இல் நிரந்தரமாக்கினார்கள். அதன் பிறகு மிச்சமிருந்த எட்டு லீக் ஆட்டங்களில் இரண்டில்தான் வெற்றி. கோடையில் தேர்வு முறைப்படி மற்றவர்களோடு வைத்துப் பார்த்துவிட்டு அவரையே எடுத்திருந்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, பார்க்காமலே எடுத்ததுதான் கோளாறு.

## நம்ம ஊர்ப் பக்கம்: சென்னையின் எஃப்சி

இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐஎஸ்எல்லில் 2017-18 கோப்பையை ஜான் கிரகரியோடு வென்ற சென்னையின் எஃப்சி, அடுத்த சீசன் கடைசி இடம். அப்போதும் அவரை வைத்துக்கொண்டார்கள். 2019-20இல் முதல் நாலு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை, ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. நவம்பர் கடைசியில் பிரிந்தார்கள். டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார், அணி நாலாம் இடத்துக்கு ஏறி இறுதிப் போட்டிவரை போய், கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது.

இதில் கவனிக்க வேண்டியது, காய்ல் வந்த பிறகு ஜொலித்த நெரியுஸ் வால்ஸ்கிஸும் ரஃபேல் கிரிவெல்லாரோவும் சீசன் தொடங்கும்போதே அணியில் இருந்தவர்கள். வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். கையில் இருக்கும் ஆட்களுக்குள் தாக்குதல் திறமை தூங்கிக்கொண்டிருந்தது, அதை அவிழ்த்துவிடும் பாணிக்காரர் வந்தார். தரம் உண்டு, பொருத்தம் இல்லை என்ற இரண்டாவது வகைக் கோளாறு, சரியான மருந்து. நாலு ஆட்டம் கோலே இல்லாத அணி எப்படியும் கொஞ்சம் மீண்டிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

## கடற்கரை அணிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு

தொண்டியோ ஏர்வாடியோ மண்டபமோ, ஊர் அணிக்குச் சம்பளமும் இல்லை, எக்ஸ்ஜி சொல்ல கம்ப்யூட்டரும் இல்லை. கோச்சை மாற்றச் சொல்லிச் சத்தம் மட்டும் பெரிய கிளப் அளவுக்கு உண்டு. இங்கே ஒரு நோட்டு போதும். ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, நாம் பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து அடித்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடப்பக்கம் ஒரு கோடு, எதிரணிக்கு வலப்பக்கம். கீப்பர் மட்டுமே எதிரில் நின்ற வாய்ப்பென்றால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்ததை எழுதவே வேண்டாம். முதல் பாதியும் இரண்டாம் பாதியும் தனித்தனி, ஏனென்றால் கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஆடும் பாதியில் கீப்பர் உதைக்கிற பந்து நடுக்கோட்டைத் தாண்டாது. அந்தப் பாதியில் வாங்கிய கோலுக்குக் கோச்சைத் திட்டுவது நியாயமில்லை.

எட்டு ஆட்டம் ஆனதும் கோடுகளை எண்ணுங்கள். நம் பக்கம் அதிகமிருந்தும் தோற்றிருந்தால் கோச் இருக்கட்டும், ஸ்ட்ரைக்கருக்கும் கீப்பருக்கும் தனிப் பயிற்சி கொடுங்கள். எதிரணிப் பக்கம் இரண்டு மடங்கென்றால் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் யார் யார் வந்தார்கள் என்ற வருகைக் கணக்கு இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுப் பையன்கள் எல்லாரும் கரையில்தான், அணி முழுசாக இருக்கும். ஜூன் 15க்குப் பிறகு பாதிப் பேர் கடலில். மே மாதம் ஜெயித்த கோச் ஜூலையில் தோற்பதற்கும், தடைக்காலத்தில் வந்த புதியவர் கெட்டிக்காரராகத் தெரிவதற்கும் இதுவே பாதிக் காரணம். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த நல்ல மிட்ஃபீல்டர் திரும்பிப் போனதும் இதே கணக்கில் சேர்த்தி. வருகை ஒரே மாதிரி இருந்த ஆட்டங்களை மட்டும் எடுத்து இரண்டு கோச்சுகளையும் ஒப்பிடுங்கள், நாலைந்து ஆட்டம்தான் தேறும் என்றாலும்.

புதியவரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய பேரைவிட வாரத்துக்கு மூன்று சாயங்காலம் மைதானத்துக்கு வர முடிகிறவரா என்று பாருங்கள். சிறுவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கப் போகிறவரென்றால் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் பயிற்சிக்கு அனுப்பலாம். எத்தனை ஆட்டம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று முதல் நாளே தேதி வைத்துக்கொண்டு, அதுவரை தோல்விக்கு ஒரு கூட்டம் போடுவதை நிறுத்துங்கள். நோட்டை எழுதுவது ஆடாத, கோச்சுக்குச் சொந்தமில்லாத ஒரு ஆளாக இருக்கட்டும். பழைய கோச் போகும்போது நோட்டையும் கையோடு கொண்டுபோய்விடாமல் செயலாளர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.